மின்சாரப் பங்கீடும் குடியிருப்போர் உரிமையும்

ஓர் ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று எப்பொழுது சொல்லலாம்? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு நம் நாட்டில் அளிக்கப்பட்ட விடை காலத்திற்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 1997-ஆம் ஆண்டு வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் ஏதேனும் ஒரு காரியத்திற்கு மின்விசை பயன்பட்டால் அக்கிராமம் மின்வசதி பெற்றதாகக் கணக்கிடப்பட்டது. வயலில் ஒரு பம்பு ஓடினாலே போதும். வீடுகளில் விளக்கு எரிய வேண்டுமென்பதில்லை. பின்னர், மக்கள் குடியிருக்கும் பகுதிக்குள் மின்சாரம் பயன்பட வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 2004-இல், பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கும், குறைந்தது 10 விழுக்காடு வீடுகளுக்கும் இணைப்பு இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2017-இல் தொடங்கிய 'சௌபாக்யா' திட்டம் இணைப்பில்லாத ஒவ்வொரு வீட்டையும் எண்ணத் தலைப்பட்டது.

இவ்வாறு அளவுகோல் ஊரிலிருந்து வீட்டிற்கு இறங்கி வந்திருப்பது பெரிய முன்னேற்றமே. எனினும், அது மேலும் ஒரு படி செல்ல வேண்டியிருக்கிறது. கம்பமும் கம்பியும் மீட்டரும் வந்த பிறகும், அவை பற்றிய முடிவுகளை யார் செய்கிறார்கள், யாரைக் கேட்டுச் செய்கிறார்கள் என்ற வினா எஞ்சி நிற்கிறது. மின்சாரம் நியாயமாகப் பங்கிடப்படுகிறதா என்பது இவ்வினாவின் விடையைப் பெரிதும் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பழைய வரிசை

தென்னாட்டு மின்சார வரலாறு இதற்கு நல்ல சான்று. 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மைசூர் சமஸ்தானம் நிறுவிய நீர்மின் நிலையத்திலிருந்து 90 மைலுக்கு மேற்பட்ட தொலைவு கம்பி இழுக்கப்பட்டு, கோலார் தங்கவயலின் யந்திரங்களுக்கு மின்விசை அனுப்பப்பட்டது. உலகத்தார் வியந்து நோக்கிய பொறியியல் சாதனை அது. 1905-இல் பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. முதலில் சுரங்கம், அடுத்து நகரம், நெடுங்காலத்திற்குப் பின்னரே கிராமம் என்பது அன்றைய வரிசை. அவ்வரிசையை வகுத்தவர்கள் அரசாங்கத்தாரும் சுரங்கக் கம்பெனியாரும் ஆவர்; கம்பி கடந்து சென்ற வழியிலிருந்த ஊரார் அல்லர்.

அக்காலத்தில் அதைக் குறை கூறுவதற்கில்லை எனலாம். உற்பத்தி மிகச் சிறிது. செலவு மிகப் பெரிது. ஆனால் இன்று உற்பத்திப் பஞ்சம் அவ்வளவு கடுமையாக இல்லாதபோதும், 'யாருக்கு முதலில்' என்ற முடிவு மேலிருந்தே செய்யப்படும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. இதனைப் பெங்களூரின் தென்கிழக்கு எல்லையிலுள்ள ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வோம்.

ஹெப்பகோடி

ஆனேக்கல் தாலூகாவைச் சேர்ந்த ஹெப்பகோடி, பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் இடையே அமைந்தது. முன்பு கிராம பஞ்சாயத்தாக இருந்தது, இன்று நகரசபை. 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடத்தில் இதற்கெனத் தனி நிலையமும் உண்டு. மருந்துத் தொழிற்சாலை, யந்திரப் பட்டறை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, கணிப்பொறி நிறுவனம் ஆகியவற்றில் வேலை செய்வோர் பல மாநிலங்களிலிருந்து வந்து இவ்வட்டாரத்தில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். எல்லைக்கு அப்பால் ஓசூர் இருப்பதால் தமிழ் பேசுவோரும் இங்குக் கணிசமாக உண்டு. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர் ஆகிய தொழில் ஊர்களின் நிலையும் இதுவே. ஆகவே இங்குக் கூறப்படுவது ஓர் ஊரின் கதை மட்டுமன்று.

இத்தகைய ஊரில் மின்சாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கம்பிகள் தலைக்கு மேல் நெருக்கமாகவே ஓடுகின்றன. எனினும், அம்மின்சாரம் எல்லோருக்கும் ஒரே வகையில் கிட்டுகிறதா என்பதை மூன்று முடிவுகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

முதல் முடிவு: மின்மாற்றியும் மின்தடை நேரமும்

தெருவுக்கு மின்சாரம் அளிக்கும் 100 கிலோவோல்ட் ஆம்பியர் திறனுள்ள மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட் மும்முனை அமைப்பில் அது ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 139 ஆம்பியர் மின்னோட்டத்தையே முழுச் சுமையாகத் தாங்கும். ஓரடுக்கு வீடுகள் நாலடுக்காக உயரும்போது, புதிய இணைப்புகள் பெரும்பாலும் ஒரே முனையில் சேர்ந்துவிட்டால், மற்ற இரண்டு முனைகள் இளைப்பாறிக்கொண்டிருக்க அந்த ஒன்று மட்டும் திணறும். கம்பியின் நீளமும் மின்னோட்டமும் மிகுந்தால் வழியில் அழுத்தம் குறையும். எனவே மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீட்டில் விளக்கு பிரகாசமாக எரியும். கடைசிக் கம்பத்து வீட்டில் விசிறி மெதுவாகச் சுழலும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்ந்த அழுத்தத்தில் அறிவிக்கப்பட்ட அளவிலிருந்து 6 விழுக்காட்டிற்கு மேல் விலகல் கூடாது என்றன. 230 வோல்ட்டிற்கு இது ஏறத்தாழ 216 முதல் 244 வரை எனக் கணக்காகும். கடைசிக் கம்பத்து வீட்டார் இக்கணக்கை அறியமாட்டார். ஆனால் தம் விசிறியின் வேகத்தை நன்கு அறிவார்.

புதிய மின்மாற்றியை எங்கே நிறுத்துவது, எந்தக் கிளைக் கம்பியை முதலில் மாற்றுவது, பராமரிப்பிற்காக எந்நேரம் மின்சாரத்தை நிறுத்துவது என்பன வெறும் தொழில்நுட்ப வினாக்கள் போலத் தோன்றும். காலை 10 மணி முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்பட்டால் அலுவலகம் செல்வோருக்கு நட்டமில்லை. இரவு ஷிப்டு முடித்து வந்து, தகரக் கூரையின்கீழ்ப் பகலில் உறங்கும் தொழிலாளிக்கோ அது பெருந்துன்பம். வரைபடத்தில் இத்துன்பம் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

இரண்டாம் முடிவு: மீட்டர் யார் பெயரில்?

ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக எட்டு ஒற்றை அறை வீடுகள் இருப்பதாகக் கொள்வோம். கன்னடத்தில் இத்தகைய குடியிருப்பை 'வடார' என்பர். எட்டுக்கும் ஒரே மீட்டர். உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என வசூலிக்கிறார். ஓர் அறையின் மாதச் செலவு 40 யூனிட் எனில் மொத்தம் 320 யூனிட் ஆகிறது.

கர்நாடக அரசு 2023 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய 'கிருஹ ஜோதி' திட்டத்தில் 200 யூனிட் என்பது உச்சவரம்பு. அவ்வரம்பிற்குள், முந்தைய ஆண்டின் சராசரிச் செலவைச் சார்ந்து ஒவ்வோர் இணைப்புக்கும் இலவச அளவு கணக்கிடப்பட்டது. புதிய இணைப்புக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டும் அதற்குமேல் 10 விழுக்காடும் அளவாகக் கொள்ளப்பட்டன. 200-ஐத் தாண்டினால் முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும். வாடகைக்குக் குடியிருப்போரும் உரிய ஆவணம் காட்டி இச்சலுகையைப் பெறலாம். மேற்கூறிய எட்டுக் குடும்பங்களுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் 40 யூனிட் செலவழிக்கும் எவரும் கட்டணம் செலுத்த நேராது. ஒரே மீட்டர் இருப்பதால் 320 யூனிட்டும் வரம்பைத் தாண்டி, எட்டுக் குடும்பங்களும் செலுத்துகின்றன. சிக்கனமாக வாழும் ஏழைக்குரிய சலுகை, மீட்டரின் எண்ணிக்கையால் அவனைச் சேராமற்போகிறது. 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் தனி வீட்டாரோ அதே தெருவில் அதனைப் பெறுகிறார். சட்டத்தை வகுத்தவர்களின் எண்ணம் இதுவாக இருந்திருக்க முடியாது. வாடகைதாரரை அழைத்துக் கேட்டிருந்தால் இந்த ஓட்டை முதல் நாளே வெளிப்பட்டிருக்கும்.

மூன்றாம் முடிவு: சான்றிதழ்

கட்டட விதிகளின்படி கட்டி முடித்ததற்கான சான்றிதழ் இருந்தால்தான் மின் இணைப்பு முதலிய வசதிகள் அளிக்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் ஆணையிட்டது. விதியை மீறிய கட்டடங்கள் பெருகுவதைத் தடுப்பது அதன் நோக்கம், அந்நோக்கம் நியாயமானது. ஆனால் அதன் விளைவாக 2025-இல் பெங்களூர் வட்டாரத்தில் பல வீடுகளுக்கு நிரந்தர இணைப்பு கிடைக்காமற்போயிற்று. பின்னர் 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் எழுந்த சிறு குடியிருப்புக் கட்டடங்களுக்கு மாநில அரசு விலக்கு அளித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. விதியை மீறியவர் கட்டடத்தைக் கட்டியவர். இருளில் இருப்பவர் அதில் குடியிருப்பவர். பாதுகாப்பையும் நியாயத்தையும் ஒருங்கே காக்கும் வழியைக் காண வேண்டுமாயின், தண்டனையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்ல வல்லவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

ஊர் வளர்ந்தது, சபை மறைந்தது

அந்த இடம் எங்கே இருக்கிறது? ஹெப்பகோடி போன்ற ஊர்களில் ஒரு விந்தையான நிலைமை உருவாகியிருக்கிறது. அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணை, பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களை வரிசைப்படுத்துகிறது. அதன் 14-ஆவது இனம், மின்சாரப் பகிர்மானம் உள்ளிட்ட கிராம மின்மயமாக்கம். நகரசபைகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையிலோ மின்சாரம் பற்றிக் காணப்படுவது தெருவிளக்கு மட்டுமே. அதுவும் வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றோடு ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. கிராமமாக இருந்தபோது ஊராரனைவரும் கூடிப் பேசக் கிராம சபை உண்டு. நகரமான பின் அது இல்லை. வார்டு குழுக்களை அரசியல் சட்டத்தின் 243-எஸ் பிரிவு கட்டாயமாக்குவது மூன்று லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே.

கிராம பஞ்சாயத்துகள் மின்சாரப் பகிர்மானத்தை உண்மையில் நடத்தின என்று நாம் கூறவில்லை. பெரும்பாலும் அவ்வினம் ஏட்டளவிலேயே இருந்தது. ஆயினும், கூடிக் கேட்பதற்கு ஒரு சபையாவது இருந்தது. மக்கள் பெருகி, மாடிகள் உயர்ந்து, மின்மாற்றிகள் திணறத் தொடங்கிய வேளையில் அந்தச் சபை மறைந்துவிட்டது. பேச வேண்டிய தேவை வளர்ந்தபோது பேசும் இடம் சுருங்கிற்று. இதுவே இத்தகைய ஊர்களின் உண்மையான குறை என்பது நம் கருத்து.

சட்டம் திறந்து வைத்துள்ள கதவுகள்

இக்குறையை நீக்கப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்திலேயே பல கதவுகள் உள்ளன. 43-ஆவது பிரிவு, ஓர் இடத்தின் உரிமையாளரோ அல்லது அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின்சாரம் வழங்குவது பகிர்மான நிறுவனத்தின் கடமை என்கிறது. 'குடியிருப்பவர்' என்னும் சொல்லை வாசகர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். 64-ஆவது பிரிவின்படி, கட்டணத்தை நிர்ணயிக்கும் முன் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் பெற்று ஆராய வேண்டும். கர்நாடகத்தில் இதற்கெனப் பொது விசாரணைகள் நடைபெறுகின்றன. 42-ஆவது பிரிவு நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்தையும், அதற்கு மேல் முறையிடக் குறைதீர்ப்பாளரையும் ஏற்படுத்தியிருக்கிறது. 166-ஆவது பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு அமைத்து, மின்சாரத்தின் தரத்தையும் நுகர்வோரின் மனநிறைவையும் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. துணைக்கோட்ட அளவில் நுகர்வோர் சந்திப்புக் கூட்டங்களை நடத்தும் முறையும் கர்நாடகத்து நிறுவனங்களில் உண்டு.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் மேலும் ஒரு படி சென்றன. அடுக்குமாடிக் கட்டடத்திலோ குடியிருப்புக் காலனியிலோ ஒவ்வொரு வீட்டிற்கும் தனி இணைப்பா, அன்றி முழு வளாகத்திற்கும் ஒரே இணைப்பா என்பதை, பகிர்மான நிறுவனம் நடத்தும் வெளிப்படையான வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்யலாம். பாதிக்கு மேற்பட்டோர் தனி இணைப்பை விரும்பினால் தனி இணைப்பே வழங்கப்பட வேண்டும். வீட்டுச் செலவு, பொதுவிடச் செலவு, சங்கத்தாரின் ஜெனரேட்டர் செலவு ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கணக்கு வேண்டும். மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று புகார் செய்தால் ஐந்து நாளில் சோதனை மீட்டர் பொருத்த வேண்டும்.

மின்சார நிர்வாகத்தில் குடியிருப்போரின் வாக்கு நேரடியாக இடம்பெறுவதால் இது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு பெருங்குறை இதில் உண்டு. வாக்களிப்போர் வீட்டின் உரிமையாளர்களே. வேற்றூரில் இருக்கும் உரிமையாளருக்கு வாக்கு உண்டு. அவர் வீட்டில் பத்தாண்டுகளாகக் குடியிருந்து மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவருக்கு இல்லை. 43-ஆவது பிரிவு குடியிருப்பவரை உரிமையாளருக்குச் சமமாக வைத்து இணைப்பு கேட்கும் உரிமையளிக்கும்போது, இணைப்பின் தன்மையை முடிவு செய்யும் வாக்கெடுப்பிலிருந்து அவரை விலக்குவது பொருந்துமா? விதி மறுபடி திருத்தப்படும்போது, ஒரு வீட்டிற்கு ஒரு வாக்கு என்பதை அவ்வீட்டின் மின்கட்டணத்தை உண்மையில் செலுத்துபவரிடம் அளிப்பதைப் பற்றி அரசாங்கம் சிந்திக்க வேண்டும். சுவரும் கம்பியும் உரிமையாளரின் சொத்து என்ற வாதம் உண்மையே. அவற்றின் அமைப்பை மாற்றும் செலவு பற்றி அவர் கருத்து நிற்கட்டும். தினந்தோறும் நுகர்வது பற்றிய முடிவில் நுகர்பவரின் கருத்து நிற்க வேண்டும்.

கூட்டுறவின் படிப்பினை

மக்களே மின்சாரத்தை நிர்வகித்த அனுபவம் நமக்குப் புதியதன்று. 1969-இல் கிராம மின்மயமாக்கக் கழகம் நிறுவப்பட்டபோது, அமெரிக்கக் கிராமங்களில் 1930-களிலிருந்து வெற்றி பெற்ற முறையைப் பின்பற்றி, ஐந்து இடங்களில் கிராம மின் கூட்டுறவுச் சங்கங்கள் தோற்றுவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, இன்றைய கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்திலுள்ள ஹுக்கேரி. அரை நூற்றாண்டிற்குப் பின்னும் அச்சங்கம் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு வழங்கி வருகிறது. 2025-இல் அதன் நிர்வாகக் குழுத் தேர்தல் கடும் போட்டியுடன் நடந்தது. மகாராஷ்டிரத்தில் தொடங்கிய முளா பிரவரா சங்கமோ, மின்வாரியத்திற்குச் செலுத்த வேண்டிய பாக்கி பெருகி, 2011-இல் தன் பகிர்மானப் பணியை இழந்தது.

இவ்விரண்டும் சேர்ந்து ஓர் உண்மையைக் காட்டுகின்றன. மக்கள் பங்கேற்பு என்றவுடன் எல்லாம் நலமாகிவிடாது. வாக்கு இருக்குமிடத்தில் கட்சியும் செல்வாக்கும் நுழையும். கணக்கு கண்டிப்பாக இல்லாத இடத்தில் சங்கம் மூழ்கும். உரிமையோடு கணக்கும் சேர்ந்திருந்தால்தான் பங்கேற்பு நிலைக்கும்.

தமிழ்நாட்டில் கோயமுத்தூர் மாவட்டம் காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்த ஓடந்துறைப் பஞ்சாயத்து மற்றோர் எடுத்துக்காட்டு. தெருவிளக்கு, குடிநீர்ப் பம்பு ஆகியவற்றின் மின்கட்டணம் பஞ்சாயத்தின் வருவாயை விழுங்குவதைக் கண்ட அவ்வூரார், சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 2006-இல் சுமார் 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினர். காற்று மிகுந்த வேறிடத்தில் நின்று அது உண்டாக்கும் மின்சாரம் மாநிலத் தொகுப்பிற்குச் செல்கிறது. வருவாய் பஞ்சாயத்திற்கு வருகிறது. கணக்கைக் கண்டு, விவாதித்து, கடனை ஏற்று முடிவு செய்யும் ஆற்றல் ஒரு சிறு பஞ்சாயத்திற்கு உண்டு என்பதை இது மெய்ப்பிக்கிறது.

சில ஆட்சேபங்கள்

மின்சாரம் ஆபத்தான பொருள். அதில் பாமரர் கருத்து எதற்கு என்று பொறியாளர்கள் சிலர் கேட்கலாம். கம்பியின் கனம் எவ்வளவு, மண்ணிணைப்பு எப்படி, பீஸ் எத்தனை ஆம்பியர் என்பவற்றில் கூட்டத்தின் வாக்குக்கு இடமில்லை. அவை பொறியாளரின் பொறுப்பு. ஆனால் இருக்கும் பணத்தில் இரண்டு தெருக்களில் ஒன்றின் கம்பியை மட்டுமே இவ்வாண்டு மாற்ற முடியுமெனில், எந்தத் தெரு என்பது பொறியியல் வினாவன்று. நியாயத்தைப் பற்றிய வினா. அதற்குரிய விடையை அளவீடுகளைக் காட்டிப் பொறியாளர் விளக்க, குடியிருப்போர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூட்டம் கூட்டினால் உரக்கப் பேசுபவருக்கே பலன் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது பெருமளவு உண்மை. மருந்து கூட்டத்தை நிறுத்துவதன்று. அதன் முறையைத் திருத்துவது. வேலைநாளில் காலை 11 மணிக்கு அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்திற்கு ஆலைத் தொழிலாளி வர இயலாது. வீட்டு உரிமையாளரும் காண்டிராக்டரும் வருவர். கன்னடத்தில் மட்டும் ஒட்டப்படும் அறிவிப்பைத் தமிழரோ ஒடிசாக்காரரோ படிக்க இயலாது. குறைகளைக் குறித்துக்கொண்டு பதிலே அனுப்பாவிட்டால் அடுத்த கூட்டத்திற்கு யாரும் வாரார்.

காலதாமதம் ஆகும் என்பது மூன்றாவது. கேளாமல் நிறுத்திய மின்மாற்றியை வழக்குக்கும் மறியலுக்கும் பின் இடம் மாற்றும் தாமதத்தைவிட, கேட்டுச் செய்யும் தாமதம் குறைவாகவே இருக்கும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு மின்மாற்றியின் வட்டாரத்தையும் ஒரு சிறு சபையாகக் கருத வேண்டும். ஒரே மின்மாற்றியிலிருந்து ஒளி பெறுவோருக்கு நன்மையும் தீமையும் பொது. எனவே பேச்சும் பொதுவாக இருப்பது இயல்பு. ஞாயிற்றுக்கிழமை மாலையில், அப்பகுதிப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ கூட்டம் வைக்கலாம். அறிவிப்பு அங்குப் பேசப்படும் மொழிகளிலெல்லாம் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, கூட்டத்திற்கு வெறுங்கையோடு செல்லலாகாது. மின்மாற்றியின் திறன், உச்ச நேரத்தில் மூன்று முனைகளின் சுமை, கடைசிக் கம்பத்தில் அளந்த அழுத்தம், கடந்த மாதத்தில் மின்தடை நேர்ந்த மணிகள் ஆகிய நான்கு எண்களையும் ஒரு பலகையில் எழுதி வைத்தால், பேச்சு குறைகூறலில் தொடங்கினாலும் தீர்வில் முடியும்.

மூன்றாவதாக, மீட்டர் இல்லாத குடும்பங்களைத் தேடிக் காண வேண்டும். ஒரு மீட்டரின்கீழ் எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்று கணக்கெடுத்தால் மறைந்திருக்கும் நுகர்வோர் தெரியவருவர். தனி இணைப்பு பெறுவதற்குரிய ஆவணங்களை அவர்களுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் ஒருங்கே விளக்க வேண்டும். வாடகைதாரர் புகார் செய்தால் வீட்டைக் காலி செய்ய நேருமோ என அஞ்சுவது இயல்பாதலால், தனி ஒருவரின் பெயரில் அன்றித் தெருவின் பெயரில் கோரிக்கை எழுதப்படுவது நலம்.

நான்காவதாக, எழுந்த கோரிக்கை ஒவ்வொன்றிற்கும் ஒரு மாதத்திற்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். 'முடியாது' என்பதும் பதிலே. காரணத்தோடு சொல்லப்பட்டால் மக்கள் அதை மதிப்பர்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

பள்ளிக்கூடம் எல்லாத் தெருக்களும் சந்திக்கும் இடம். உரிமையாளரின் குழந்தையும் வாடகைதாரரின் குழந்தையும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். எட்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மாதம் தம் வீட்டில் மின்சாரம் நின்ற நேரத்தையும் மீண்டும் வந்த நேரத்தையும் குறித்து வரட்டும். கம்பியையோ, பீஸ் கட்டையையோ, மீட்டர்ப் பெட்டியின் உட்புறத்தையோ எவரும் தொடலாகாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடிகாரமும் நோட்டுப் புத்தகமும் போதும். மாத முடிவில் தெருவாரியாகக் கூட்டிச் சராசரி கண்டு வரைபடம் வரைந்தால், கணிதம், பூகோளம், குடிமையியல் மூன்றும் ஒரே பாடத்தில் அடங்கிவிடும்.

மின்கட்டண ரசீதைப் படிக்கக் கற்பிப்பதும் பயன் தரும். முந்தைய அளவு, இன்றைய அளவு, அனுமதிக்கப்பட்ட சுமை, நிலையான கட்டணம் ஆகியவற்றைப் பிள்ளைகள் அறிந்தால் வீட்டில் பெற்றோர்க்கும் விளக்குவர். புகார் செய்ய 1912 என்ற எண் இருப்பதையும், அங்கே கிடைக்காத தீர்வுக்குக் குறைதீர்ப்பு மன்றம் இருப்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். தெருவாரியான அந்த வரைபடம் குடியிருப்போர் கூட்டத்தில் தொங்கவிடப்பட்டால், உரக்கப் பேச இயலாதவரின் குறையும் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

முடிவாக

சிவசமுத்திரக் காலத்தில் மின்சாரம் யாரைச் சேர வேண்டுமென்று ஒரு சிலர் முடிவு செய்தனர். நாடு அதனை ஏற்றுக்கொண்டது. குடியரசில் அம்முறை பொருந்தாது. அரசாங்கம் ஒவ்வொரு வீட்டிற்கும் கம்பியைக் கொண்டுசெல்ல உறுதி பூண்டு, அதில் பெரும் வெற்றியும் கண்டிருக்கிறது. இனி எஞ்சியிருக்கும் பணி, மின்மாற்றியின் இடம், மின்தடை நேரம், மீட்டரின் பெயர், இணைப்பின் வகை ஆகியவற்றை முடிவு செய்யும் இடத்தில் அந்த வீட்டாரையும் அமர்த்துவது. கிராம சபையை இழந்து நகரமாகிய ஊர்களில் அவ்விடத்தை அமைத்துத் தருவது இன்று களப்பணியாளராலும் ஆசிரியராலும் இயலும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும், நான்கு எண்கள் எழுதிய ஒரு பலகையும், கடைசிக் கம்பத்து வாடகைதாரரை முதலில் பேசச் சொல்லும் மனமும் இருந்தால் போதும்.